அந்தக் குழந்தை ஓடி வர வேண்டாம், மாப்பிள்ளை

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமியார், உங்கள் மனைவி மூவரும் நலம். உங்கள் மனைவி ஐந்து நாளாக இங்கேயே இருப்பதால் அங்கே நீங்கள் எந்த அளவுக்கு நலம் என்று விசாரிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

இது ஒரு மன்னிப்புக் கடிதம். அப்படித்தான் உங்கள் மனைவி என்னை எழுதச் சொல்லி, பேனாவும் கொடுத்து, பேப்பரும் கொடுத்து, மேஜையையும் துடைத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். "ரெண்டே வரிப்பா. 'அன்னிக்கு சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்குங்க, மறுபடி வந்து நடந்து குடுக்கிறேன்.' அவ்வளவுதான். நீ எழுத ஆரம்பிச்சா நிக்காது, எனக்குத் தெரியும். ரெண்டு வரியோட பேனாவ மூடி வெச்சிடு" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் பாருங்கள், இதற்குள்ளேயே இரண்டு வரிக்கு மேல் போய்விட்டது, மன்னிப்பு இன்னும் வரவில்லை. வராது என்றுதான் தோன்றுகிறது. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கருத்துப் பிழை கிடையாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கையிலிருந்த பைலை வீசிவிட்டுப் பாதியிலேயே எழுந்து போய்விட்டதால் என் பக்கம் உங்களுக்குத் தெரியாது. ஆகையால் முதலிலிருந்து வருகிறேன். அன்று காலை நீங்கள் போன் செய்து, "மாமா, ஒரு சின்ன உதவி. சும்மா நடக்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள். சும்மா நடக்க என்னைப் போல் ஆள் கிடைக்க மாட்டான். ரிட்டையர் ஆன பிறகு எனக்கு அதைத் தவிர வேறு வேலையே இல்லை என்று உங்கள் மாமியார் ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறாள். நீங்கள் எடுக்கிற முதல் படம், அதற்கு என் மகள்தான் சத்தம் செய்கிறாள் என்பது தெரியும். நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், கரண்டி விழுகிற சத்தம் எல்லாவற்றையும் படம் எடுத்து முடித்த பிறகு ஒரு அறைக்குள் நின்று செய்து சேர்ப்பதுதான் அவள் தொழில் என்பதும் தெரியும். படத்தில் ஹீரோவின் எலும்பு முறிந்தால் அது இவள் முறிக்கிற கேரட் என்று பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். சுவர் முழுக்க மெத்தை. தரையில் சதுரம் சதுரமாகச் சிமெண்டு, பலகை, மணல், ஜல்லி. மூலையில் ஐம்பது அறுபது ஜோடி பழைய செருப்பும் ஷூவும், உள்ளே ஏதோ பெரிய கூட்டம் நடக்கிற மாதிரி. உள்ளே போனதும் முதலில் என் வாட்சைக் கழற்றச் சொன்னீர்கள், டிக் டிக் கேட்கிறதாம். பிறகு சாவிக்கொத்து. பிறகு சட்டை மொடமொடக்கிறது என்று அதையும் கழற்றச் சொன்னீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் அம்மா உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் மாமனார் பனியனோடு நிற்கிறேன். இதற்கெல்லாம் நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

"நடங்க மாமா" என்றீர்கள். நடந்தேன். நாலாவது அடியில் ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல்.

"சார், எங்க போறீங்க?"

"நடக்கச் சொன்னாங்களேம்மா."

"நடங்க. ஆனா போகாதீங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். உங்கள் மனைவிதான் வந்து என் தோளைப் பிடித்து ஒரு சிமெண்டுச் சதுரத்தில் நிறுத்தி, "இருந்த இடத்துலயே கால மாத்தி மாத்தி வைப்பா. மைக்கு உன் முட்டிகிட்ட இருக்கு பாரு, நீ தள்ளிப் போனா அதுக்குக் கேக்காது" என்றாள். சரி என்று போகாமல் நடந்தேன். உடனே ஸ்பீக்கர், "சார், முட்டி சத்தம் வருது." "அது என் முட்டிம்மா, அத மட்டும் கழட்டி வைக்க முடியாது" என்றேன். அந்த அம்மா சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. சினிமா எடுக்கிறவர்களுக்கு ஆயிரம் கவலை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. "மாமா, காலுல வெயிட்டு நல்லா இருக்கு. ஆனா வேகமா இருக்கு. கொஞ்சம் குற்ற உணர்ச்சியோட நடங்க" என்றீர்கள். எந்தக் காலில் என்று கேட்டேன். உங்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அவன் அஞ்சு வருஷம் கழிச்சுத் தன் கொழந்தையப் பாக்க வர்றான் மாமா. உள்ள வரவே கால் கூசுது அவனுக்கு." "அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவன் ஓடித்தான் வருவான் மாப்ள" என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அதுவரை என் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், முதன்முறையாக நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். ஒருத்தன் பெட்டியோடு நடந்து வருகிறான். தழையத் தழைய முடி, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறான், என் மூக்கெல்லாம் இல்லை. ஆனால் பெட்டி? நான் கப்பலிலிருந்து கொண்டு வந்த மாதிரியே பூட்டு உடைந்த பெட்டி. நீல நைலான் கயிறு. அந்தக் கயிற்றில் கப்பல்காரன் போடுகிற முடிச்சு. அந்த முடிச்சை இந்த வீட்டில் நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அந்த ஆள் என் பக்கத்தில் நின்று தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பெண்டாட்டி சொன்ன கதையைப் படமாக எடுத்து, அந்தக் கதைக்காரனையே கூப்பிட்டு, யாரென்று சொல்லாமல், பனியனோடு நிறுத்தி, அவன் காலையே அவனுக்குப் பொருத்துகிறீர்கள். பலே மாப்பிள்ளை!

அதையும் பொறுத்துக்கொண்டேன். கதவு திறந்தது. மஞ்சள் கவுன் போட்ட குழந்தை நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் "அப்பா!" என்று ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் பொத்தென்று மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறான். அங்கேதான் நான் "பொய்!" என்று கத்திவிட்டேன். கத்த வேண்டும் என்று கத்தவில்லை. கப்பல் இன்ஜின் ரூமில் ஐந்து வருடம் எண்ணெய் போட்டவனுக்கு மெதுவாகப் பேசத் தொண்டையே கிடையாது. அந்த அம்மா காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள், பாவம். அவர்களிடம் அன்றே மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. இப்போது கேட்கச் சொல்வது உங்களிடம். அதுதான் முடியாது என்கிறேன்.

"சினிமான்னா அப்படித்தான் மாமா. பாக்கிறவங்க அழணும்" என்றீர்கள். "அவங்க அழறதுக்கு என் பெட்டிதான் கெடச்சுதா?" என்றேன். "மாமா மன்னிப்புக் கேட்டாத்தான் இனிமே வேலை நடக்கும்" என்று உங்கள் மனைவியிடம் சொல்லிக்கொண்டே பைலை வீசிவிட்டு எழுந்தீர்கள். அவள் "அவரக் கூப்பிட்டது யாரு, நானா?" என்று கேட்டுவிட்டு என் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காட்சிக்குச் சத்தம் சேராவிட்டால் படம் சொன்ன தேதிக்கு வராது என்றும், வேறு யாரையாவது வைத்து நீங்கள் செய்தால் இவள் இனி உங்கள் படத்துக்கு ஒரு கரண்டிகூடக் கீழே போட மாட்டாள் என்றும் எனக்குத் தெரியும். ஐந்து நாளாக வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. உங்கள் மாமியார் பாத்திரத்தோடு மட்டும் பேசுகிறாள், அதுவும் உரக்க. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அந்தக் குழந்தை ஓடி வரக் கூடாது.

ஏன் என்றால், ஓடி வரவில்லை. அவளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது கப்பலுக்குப் போனேன். நடுவில் ஒரு தடவை இருபது நாள் வந்தேன், அந்த இருபது நாளும் அவளுக்குக் காய்ச்சல், என்னைக் கண் திறந்து பார்த்தாளோ இல்லையோ. மற்றபடி எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போடுவேன். அவளுக்கு அப்பா என்றால் போனில் வருகிற ஒரு சத்தம். ஆறு வயதில்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். நீங்கள் படத்தில் காட்டுகிற மாதிரி குற்ற உணர்ச்சியோடெல்லாம் வரவில்லை. இரண்டு மாடியையும் பெட்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தேன். கதவைத் தட்டினேன். என் மகள் திறந்தாள். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி. பேசுவதற்கு வழி நெடுக எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" பெற்ற மகளிடம், சொந்த வீட்டு வாசலில் நின்று கேட்கிறேன் மாப்பிள்ளை! அவள் உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். உங்கள் மாமியார் ஈரக் கையோடு ஓடி வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். "இதுதாண்டி உன் அப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், பிள்ளை நம்பின மாதிரித் தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்குள் நான் இருந்தால் அவள் அடுத்த அறையில் இருப்பாள். நான் அந்த அறைக்குப் போனால் அவள் சமையல்கட்டில் இருப்பாள். "சாப்பிட்டியா" என்று நான் கேட்பேன், "ம்" என்பாள். அதற்கு மேல் எனக்கும் ஓடாது. பத்து நாள் பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம் கீழே இறங்கி, தெருமுனை மருந்துக்கடையில் போன் இருந்தது, அங்கிருந்து என் வீட்டுக்கே போன் போட்டேன். உங்கள் மாமியார் எடுத்தாள். "பாப்பாகிட்ட குடு" என்றேன். "என்னது?" என்றாள். "குடு சொல்றேன்." அவ்வளவுதான், என் மகள் போனில் கொட்டித் தீர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் நாற்காலி உடைந்தது, பல் ஆடுவது, எல்லாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பா, எங்க வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு. எப்பப் போவாருன்னு தெரியல. கொறட்ட விடுறாரு. கால அகட்டி அகட்டி நடக்கிறாரு. சாப்பிடும்போது தட்டு எங்கயோ ஓடிப் போற மாதிரி ஒரு கையால புடிச்சுக்கிறாரு" என்றாள். ஆடுகிற கப்பலில் சாப்பிட்ட பழக்கம் மாப்பிள்ளை, தட்டை விட்டால் அடுத்த மேஜைக்குப் போய்விடும். "ரொம்பத் தொல்லையா இருக்காரா?" என்று கேட்டேன். "தொல்லையில்ல. ஆனா பேசவே மாட்டேங்கிறாரு." "நான் சொல்லி வெக்கிறேன்" என்றேன்.

மூன்று மாதம். ஒரு நாள் விடாமல் சாயங்காலம் கீழே இறங்கிப் போய் மருந்துக்கடையில் நின்று என் மகளுடன் பேசிவிட்டு, மாடியேறி வந்து அவளுக்குப் பேசாத மாமாவாக உட்கார்ந்திருப்பேன். மருந்துக்கடைக்காரர் முதல் வாரம் ஏதோ சின்ன வீடு விவகாரம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். விஷயம் தெரிந்த பிறகு எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். உங்கள் மாமியார், "கப்பல்ல இருந்தப்ப கடல் நடுவுல இருந்தீங்க, பேச முடியல. இப்ப ரெண்டு மாடிதான நடுவுல?" என்று கேட்பாள். ரெண்டு மாடி என்று அவள் சொல்லுவது சரிதான். ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. என் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். "அப்பா, ஒம்போன்ல போன வண்டி இப்ப எங்க தெருவுல வருது" என்றாள். ரிசீவரைக் கையால் பொத்தினேன். அன்றைக்கே நினைத்தேன், இந்தப் பெண் காதை வைத்துத்தான் பிழைக்கப் போகிறாள் என்று. போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றாள். நான் ரிசீவரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். ஓடி வரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. "போன வெச்சிட்டு மேல வா" என்றாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாடியும் விடவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்தது. மூன்று மாதம் போராடி வாங்கின சட்டை நுனியை, நீங்கள் இரண்டு விநாடியில் எவனோ ஒரு முடி வளர்த்தவனுக்குக் கழுத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டீர்கள்.

என் ரோஷத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் கப்பலில் சமையல்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடக் கூட நாள் வீட்டைப் பார்க்காதவர். கப்பலில் போடுகிற படங்களில் அப்பா திரும்பி வருகிற இடம் வந்தால் கரண்டியோடு வந்து நின்று பார்ப்பார். கை நிறைய பொம்மையோடு ஊருக்குப் போனார். பையன் இவரைக் கண்டதும் வீறிட்டு அழுதுகொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான். நாலே நாள்தான் இருந்தார். திரும்பி வந்து இன்னொரு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "எம்பையன் மட்டும்தான் ஓடி வரலடா. நான் அவ்வளவு மோசமான அப்பனாயிட்டேன்" என்றார். "எவன் பிள்ளையும் ஓடி வராதுண்ணே, கொஞ்ச நாள் இருங்க" என்று சொல்ல அப்போது எனக்கு அறிவில்லை. உங்கள் படத்தையும் அப்படி யாராவது ஒருத்தன் கரண்டியோடு நின்று பார்ப்பான் மாப்பிள்ளை. அவனுக்காகச் சொல்கிறேன்.

ஆகையால் நான் கத்தினது கத்தினதுதான். மன்னிப்பு கிடையாது. அந்தக் குழந்தை வாசலில் நிற்கட்டும். அவனை யாரென்று தெரியாமல் பார்க்கட்டும். உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிடட்டும். அந்த முடிக்காரன் பேந்தப் பேந்த விழிக்கட்டும். அப்படி மாற்றினால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கிறேன், எந்தக் காலில் கேட்கிறீர்களோ அந்தக் காலில் நடக்கிறேன், போகாமல் நடக்கிறேன். மாற்றாவிட்டால் என் காலை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மனைவியைப் பற்றிக் கவலை வேண்டாம், அவளை ஐந்து வருடம் பார்க்காமல் இருந்தவன் நான். இப்போது அவள் எத்தனை நாள் இங்கே இருந்தாலும் எனக்கு லாபம்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடவும். படம் நன்றாக ஓட வேண்டும், நீங்கள் பேரும் புகழுமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நீங்கள் இருவரும் நூறு வருடம் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்திருக்க என் ஆசிகள். அந்த இன்ஜினியர் அம்மாவின் காது இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத,
அன்பு மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, நான் கவர் தேடி உள்ளே போய் வருவதற்குள் உங்கள் மனைவி தலையில் துண்டோடு நின்று முழுவதையும் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். "கட்டிப்புடிக்கிறத அவர் எழுதலப்பா. அவர் நீ சொல்ற மாதிரிதான் வெச்சிருந்தாரு, பொண்ணு அம்மாவக் கூப்பிடுற மாதிரி. நான்தான் சண்ட போட்டு மாத்தினேன்" என்றாள். ஏன் என்றேன். "கதவத் தெறந்ததுமே நீதான்னு எனக்குத் தெரியும். போட்டோ பாத்திருக்கேன்ல? ஓடி வரலாம்னு கால எடுத்தேன். அதுக்குள்ள நீ பெரியவங்க இருக்காங்களான்னு கேட்டுட்ட" என்றாள். அப்படியானால் போனில் ஒரு மாமா வந்திருக்கிறார் என்றாயே என்று கேட்டேன். "நீ போன்லதான நல்லாப் பேசுவ. கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னா நிறுத்திடுவன்னு பயம். மூணு மாசத்துல எனக்கே சலிச்சுப் போச்சு. வண்டி வந்துச்சு, சாக்கு கெடச்சுது" என்றாள். ஆக, இத்தனை வருடம் இந்த வீட்டில் யாரென்று தெரியாமல் இருந்தது நான் ஒருத்தன் மட்டும்தான். மேலே மன்னிப்புக் கிடையாது என்று எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். மன்னித்துக்கொள்ளவும். அந்தக் குழந்தை ஓடியே வரட்டும்.

நான் அங்கே வந்து நடக்க வேண்டியதும் இல்லை. இவள் பையிலிருந்து ஒரு ரெக்கார்டரை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, "கீழ போய்ட்டு வாப்பா. அன்னிக்கு எப்படி வந்தியோ அப்படி வா" என்றாள். இரண்டு மாடியும் ஓடித்தான் ஏறினேன். தட்டினேன், திறந்தாள். உங்கள் மனைவிக்கு இப்போது ஆறு வயதில்லை, அறுபத்தெட்டுக் கிலோ என்பதை அவளும் மறந்துவிட்டாள், நானும் மறந்துவிட்டேன். சத்தம் பிரமாதமாக வந்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள். கடைசியில் "ஐயோ, என் இடுப்பு" என்று ஒரு குரல் கேட்கும். அதை மட்டும் வெட்டிக்கொள்ளவும்.